காலாள் சீட்டு

வேப்பலூரணி பஸ் நிலையத்தில் காலை முதல் பஸ்ஸிலிருந்து அந்தக் காலாள் இறங்கியபோது, அங்கே இட்லிக்கடை போட்டிருந்த வேலுத்தாய் சட்னிக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றாள். இறங்கியவள் தலையில் இரும்புத் தொப்பியும் மார்பில் தோல் கவசமும் கையில் ஈட்டியும் வைத்திருந்தாள் என்பதற்காக அல்ல, பங்குனிப் பொங்கலுக்கு அதைவிட வினோதமான வேஷங்களெல்லாம் அந்த பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கின்றன. தொப்பிக்குக் கீழே இருந்த முகம், போன ஆடியில் செத்துப்போன அவளுடைய தங்கை குருபாக்கியத்தின் முகமாக இருந்தது என்பதற்காக. டிக்கெட் எடுக்கவில்லை, எங்கே போகணும் என்று கேட்டதற்கு அச்சடித்த ஊருக்கு என்று சொன்னாள், அதனால் இங்கே இறக்கிவிட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். வந்தவள் இட்லிக்கடைக்கு முன்னால் வந்து நின்றாள், அடுப்புத் தீயைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள், பிறகு தங்கையின் குரலிலேயே சொன்னாள்:

"என்னையக் குடுத்துட்டாக."

அது எப்படி நடந்தது என்று எங்கள் ஊரில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை, ஏனென்றால் நடந்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. முதலாளி சௌந்தரபாண்டிக்கு ஊருக்குக் கிழக்கே பட்டாசு செய்யும் வெடி ஆபீஸும் மேற்கே அச்சாபீஸும் இருந்தன. அச்சாபீஸில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக்கொண்டிருந்தவர்கள், பெருநகரத்துக் கம்பெனி ஒன்று கேட்டுக்கொண்டபடி 'கோட்டைப் போர்' என்ற சீட்டாட்டத்துக்கும் சீட்டு அடித்தார்கள். அதில் அரசன் உண்டு, மந்திரவாதி உண்டு, நெருப்புக் கக்கும் பறவை உண்டு, எல்லாவற்றுக்கும் கீழே, ஆட்டத்திலேயே அற்பமான சீட்டாகக் காலாள் உண்டு. காலாளுக்குத் தனியாகச் சண்டை போடத் தெரியாது, அதற்கு இருந்தது ஒரே ஒரு திறன், அந்தத் திறனுக்குப் பெயர் பலி. உன் பக்கத்துக் காலாள் ஒன்றைக் கொடு, இந்தச் சுற்று முடியும்வரை உன் அரசனின் பலம் இரண்டு மடங்காகும் என்று சீட்டின் அடியில் எழுதியிருக்கும். அதற்கும் அடியில் பொடி எழுத்தில் விதிகள்: உன்னுடையதை மட்டுமே நீ கொடுக்க முடியும், எதிராளியுடையதைக் கொடுக்க முடியாது, முதலில் கொடுக்க வேண்டும், பிறகுதான் பலம் வரும், வந்த பலத்தை எதிராளி தடுத்துவிட்டாலும் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பி வராது. ஆடுகிறவர்கள் இதில் ஒரு குற்றமும் காணவில்லை, காலாளைக் குப்புறக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு அரசனை முன்னால் நகர்த்தினார்கள், ஆட்டம் விறுவிறுப்பாகத்தான் இருந்தது.

முகத்தின் கதை தனி. அரசனுக்கும் மந்திரவாதிக்கும் நாள் கணக்கில் உட்கார்ந்து படம் வரைந்த டிசைனர் ஜெபராஜுக்குக் காலாளை வரையும்போது நேரம் தீர்ந்துபோயிருந்தது. கம்ப்யூட்டரில் கைக்கு அகப்பட்ட ஒரு முகத்தை எடுத்து அதற்கு ஒரு இரும்புத் தொப்பியை மாட்டிவிட்டார். அந்த முகம், அதே அச்சாபீஸில் குருபாக்கியத்துக்காக அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருந்த முகம்.

குருபாக்கியம் வெடி ஆபீஸில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை பார்த்தவள். அந்த அறைக்கு இரண்டு கதவு. கிழக்குக் கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள், வேலையாட்கள் அந்த வழியாகச் சரக்கைக் கடத்திவிடுவார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். பூட்டைத் திறந்துவிடு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நாங்க எப்படி வெளிய ஓட என்று அவள் ஃபோர்மேன் அழகரிடம் வாரம் தவறாமல் சண்டை போட்டாள், ஒரு தடவை செருப்பைக் கழற்றி அவர் மேல் வீசவும் செய்தாள். ஆடியில் மருந்து பற்றிக்கொண்டபோது அவளோடு ஆறு பெண்கள் பூட்டிய கதவுக்கு உள்பக்கம் கரிந்து கிடந்தார்கள். முதலாளி ஏழு பேருக்கும் காசு வாங்காமல் போஸ்டர் அடித்துக் கொடுத்தார், 'உழைப்புக்காகத் தன்னையே தந்த தியாகச் சுடரே' என்று அதில் போட்டிருந்தது. வேலுத்தாய் கைக்கு எட்டின சுவர்களிலெல்லாம் அதைக் கிழித்துப் போட்டாள், எட்டாத சுவர்களில் இருந்ததை ஐப்பசி மழை கிழித்தது.

முதல் காலாள் வந்த மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் வந்தார்கள், ஆட்டம் எந்தெந்த ஊரில் விற்றதோ அந்தந்த ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள், எல்லோருக்கும் ஒரே உயரம், ஒரே முகம், இடது புருவத்துக்கு மேலே குருபாக்கியத்துக்குச் சின்ன வயதில் அம்மிக்கல் கிழித்த அதே தழும்பு, எல்லோரும் இறங்கியதும் சொன்னது அதே சொல். ஊர் முதலில் கொஞ்சம் திகைத்தது, பிறகு இடம் ஒதுக்கியது. பஞ்சாயத்துத் தலைவர் பழைய கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார். பெண்கள் பழைய சேலையும் வளையலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஈட்டிகள் கொடிக்கயிற்றுக்கு முட்டுக்கொடுக்கவும் முருங்கைக்காய் பறிக்கவும் உதவின, கேடயங்களில் வற்றல் காயப்போட்டார்கள். ரேஷன் கடையில் கைரேகை எந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னபோது அத்தனை பேருக்கும் ஒரே ரேகையாக விழுந்தது, எந்திரம் அவர்களை ஒரே ஆள் என்று சொன்னது, அதனால் மண்டபம் முழுக்க இருந்தவர்களுக்குச் சேர்த்து ஒரு ஆளுக்கான அரிசி போட்டார்கள். அதை அவர்கள் பங்கு வைத்துத் தின்றார்கள், பற்றவில்லை என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

அவர்கள் எதற்குமே மறுப்புச் சொல்லாதவர்கள் என்பது ஊருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரும் கேட்காமலே முன்னால் வந்து இறங்கினார்கள். கிணற்றில் விழுந்த வாளிக்காக ஒருத்தி குதித்தாள். ஒரு வீட்டில் பாம்பு புகுந்தபோது வேறொருத்தி போய்க் கையை நீட்டினாள். செத்தவள் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, என்னையக் குடுத்துட்டாக என்றாள். இது தெரிந்தபிறகு சௌந்தரபாண்டி சும்மா இருப்பாரா. மண்டபத்து வாசலுக்கு வேன் அனுப்பினார், அத்தனை பேரையும் மருந்து அறைக்கு எடுத்துக்கொண்டார், ரேகை ஒன்றுதானே என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு சம்பளம் கொடுத்தார். அறைக்கு நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபது பேரை உட்காரவைத்தார், உச்சி வெயிலில் மருந்து கலக்கவிட்டார், தீபாவளி ஆர்டருக்காக அதுவரைக்கும் செய்யப் பயந்த ரகங்களையெல்லாம் செய்யவைத்தார். கிழக்குக் கதவில் இன்னொரு பூட்டும் தொங்கியது.

அறைகள் வெடித்தன. மாதம் ஒருமுறை வெடித்தது, பிறகு வாரம் ஒருமுறை வெடித்தது. முன்னாலெல்லாம் சத்தம் கேட்ட மாத்திரத்தில் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு கிழக்கே ஓடிய ஊர், இப்போது புகை உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டது. எரிந்தவர்கள் மறுநாள் வந்து இறங்கினார்கள், வேன் அவர்களை பஸ் நிலையத்திலேயே ஏற்றிக்கொண்டது. நம்ம ஆளுக யாருக்கும் ஒண்ணும் ஆகலையில்ல என்று சொல்லிக்கொண்டார்கள். ஆமாம், உண்மைதான், நம் ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட ஒட்டவில்லை.

வேலுத்தாய் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடினாள்.

அவளுக்கு இருந்த கோபத்தில் பாதி முதலாளி மேல், மீதி ஊர் மேல். பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனி, இவளுகளைப் பாரேன், ஒரு சொல்லு எதிர்த்துப் பேச மாட்டேங்கிறாளுக, பாக்கியமும் உசுரோட இருக்கையில இப்படி இருந்திருந்தா நல்ல பேரு எடுத்திருப்பா என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வேலுத்தாய் ஒரு குடம் தண்ணீரை அவள் வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தாள், அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. செருப்பைக் கழற்றின தங்கையை எரித்துக் கொன்றது போதாதென்று, அவள் முகத்தை ஒரு அடிமைக்கு மாட்டிவிட்டு, இதுதான் அவள், இப்படித்தான் அவள் இருந்திருக்க வேண்டும் என்று ஊரே தலையாட்டுவது அவளுக்கு நெஞ்சில் மிளகாயை அரைத்துப் பூசினது மாதிரி இருந்தது.

அவள் ஜெபராஜிடமும் போய் நின்றாள். அவர் தலை நிமிரவில்லை. முகத்தை மாத்திடவா என்று கேட்டார். யாரு மொகத்துக்கு மாத்துவ என்று கேட்டுவிட்டு இவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருத்தி, வேனுக்குப் போகாமல் இட்லிக்கடைப் பக்கம் வந்தாள், அடுப்பைக் கண்டு ஒதுங்கி நின்றாள். எல்லோரும் அப்படித்தான் ஒதுங்குகிறார்கள் என்பதை வேலுத்தாய் கவனித்திருந்தாள். அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"எரியும்போது நோவு தெரியுமா?"

"தெரியும்."

"நெனப்பு இருக்குமா?"

"இருக்கும். எல்லாம் இருக்கும்."

"பெறகு ஏன் திரும்பவும் போறீக?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "குடுத்துட்டாகல்ல," என்றாள்.

வேலுத்தாய் அடுப்பை அணைத்தாள், அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழ் போட்டாள். பகல் முழுக்க அந்தப் பெண் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தபடி நின்றாள், வெளியே வேன் போன சத்தம் கேட்டபோது அவள் உடம்பு தன்னால் முன்னால் சாய்ந்தது. மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், வலிக்கிறது என்ற சொல்லை முதல் தடவை சொன்னதாலோ என்னவோ, அதைப் பல தடவை சொல்லிப் பார்த்தாள். வேலுத்தாய் அவளைத் தங்கை பெயரால் கூப்பிட வாயெடுத்து ஒவ்வொரு முறையும் நிறுத்திக்கொண்டாள். பெயர் என்று ஒன்று வேண்டுமே என்று கேட்டபோது, தான் வந்த பஸ்ஸில் எழுதியிருந்த பெயரைச் சொன்னாள். கோமதி. அப்படியே ஆயிற்று.

கோமதி போட்டதைச் சாப்பிட்டாள், சொன்னதைச் செய்தாள், நாள் ஆக ஆக இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள். மத்தியானம் தூங்கப் பழகினாள். ஒரு மத்தியானம் பேச்சிக்கனி வேலி ஓரமாக நின்று, ஏத்தா, ரெண்டு குடம் தண்ணி எடுத்துப் போட்டுட்டுப் போ என்று கூப்பிட்டபோது, கோமதி பாயில் படுத்தபடியே, முடியாது, நான் தூங்கணும் என்றாள். பேச்சிக்கனி தெருவையே கூட்டிவிட்டாள், காலாள் எதிர்த்துப் பேசுகிறது, இது எங்கே போய் முடியும் என்று. வேலுத்தாய் அன்றைக்குச் சிரித்தாள், தங்கை செத்த ஆடிக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அது எங்கே போய் முடிந்தது என்றால், தீபாவளிக்கு முந்தின வாரம் மண்டபத்து வாசலில் போய் முடிந்தது. மருந்து அறையில் ஆள் போதவில்லை, ஒருத்தி குறைகிறாள் என்று அழகர் கணக்குப் பார்த்துக் கோமதியைத் தேடி வேலுத்தாய் வீட்டுக்கே வந்து, கையைப் பிடித்து மண்டபத்துக்குக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார். கோமதியின் கால்கள் பழக்கத்தில் நடந்துவிட்டன. வேலுத்தாய் பின்னாலேயே ஓடிவந்தாள், சத்தத்தைக் கேட்டுத் தெருப் பெண்களும் வந்தார்கள். அழகர் வேன் கதவைத் திறந்து, ஏறு என்றார்.

"வரல," என்றாள் கோமதி.

அது பாக்கியத்தின் குரல், பஸ் நிலையத்தில் கேட்ட பணிவான குரல் அல்ல, கிழக்குக் கதவைத் திறக்கச் சொல்லி வெடி ஆபீஸ் சுவர் அதிரக் கத்தின குரல். அழகர் தன்னை அறியாமல், செருப்பு பறந்து வருவதுபோலத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். பின்னால் நின்றவள் கோமதியைப் பார்த்தாள், வரல என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் சொன்னாள். ஒரே அச்சுப் பிளேட்டில் அடிக்கப்பட்டவர்கள் என்பதாலோ, அல்லது ஒருத்தி சொல்லக் கேட்டால் போதும் என்று இத்தனை நாள் காத்திருந்ததாலோ, மண்டபத்துக்கு உள்ளே இருட்டில் நின்றவர்கள்வரைக்கும் அந்தச் சொல் போனது. அதே நேரத்தில் எங்கெங்கோ ஏசி ஹால்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் காலாளைக் கவிழ்க்கப் பார்த்தார்கள், சீட்டு மேஜையில் ஒட்டிக்கொண்டு கவிழ மறுத்தது. கொடுக்காமல் பலம் வராது என்பதால் அரசர்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

முதலில் கோபப்பட்டது முதலாளி இல்லை, தெருப் பெண்கள். பேச்சிக்கனி வேலுத்தாயின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, இவளுக போகலேன்னா எங்க பிள்ளைகதான போகணும், உன் தங்கச்சி செத்தது உனக்குப் பத்தலையா, எங்க வீட்டுலயும் விழணுமா என்று கேட்டாள். மற்றவர்களும் கேட்டார்கள். எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை வேலுத்தாய் நின்றாள்.

"போகணும்னு யாரு சொன்னது மதினி? இவளுக எரிஞ்சா நமக்கு வலிக்கல, அதனால நீங்க ஜன்னலைச் சாத்துனீக. நாளைக்கு உங்க மக எரிஞ்சா வேற தெருக்காரி ஜன்னலைச் சாத்துவா."

அதற்குள் சௌந்தரபாண்டி காரில் வந்து இறங்கினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. இந்த ஊர் அடுப்பு எரிவது எதனால் என்று பொறுமையாக விளக்கினார், எல்லோரும் கொஞ்சம் தியாகம் செய்தால்தான் ஊர் நிமிரும் என்றார், வேலுத்தாயைப் பார்த்து, உன் தங்கச்சி செஞ்ச தியாகத்தை நான் மறக்கலம்மா என்றார்.

"அவ ஒண்ணும் செய்யல," என்றாள் வேலுத்தாய். "அவ கதவைத் தட்டிக்கிட்டே செத்தா. தன்னைக் குடுக்கிறதுக்குத்தான் தியாகம்னு பேரு. நீங்க குடுத்தது அவளை. உங்க சீட்டுலயே போட்டிருக்கில்ல, தன்னோடதைத்தான் குடுக்க முடியும்னு. உங்களோடது எதுவோ அதைக் குடுங்க. வீடு இருக்கு, காரு இருக்கு, கை இருக்கு. அந்த அறையில போயி உக்காருங்க."

அவருக்கு அப்படி யாரும் சொல்லிப் பழக்கமில்லை. முகம் கறுத்துப்போய், அவளை விட்டுவிட்டுத் தெருப் பெண்கள் பக்கம் திரும்பினார். இப்போதே வேனில் ஏறுகிறவர்களுக்கு இரட்டைச் சம்பளம் என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்காத வீடுகள் அவை. பேச்சிக்கனி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள், அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள், வேலுத்தாய் அவளைத் தடுக்கவில்லை. வேன் படியில் கையை வைத்தவள் உள்ளே குனிந்து பார்த்தாள். எரிந்தவர்களை அள்ளிக்கொண்டு போனதும் அந்த வேன்தான், இருக்கைகளில் கரி படிந்திருந்தது, ஒரு இருக்கைக்கு அடியில் யாரோ ஒருத்தியின் கருகின கண்ணாடி வளையல், பேச்சிக்கனியே கழற்றிக் கொடுத்த பழைய வளையல், இரண்டாக உடைந்து கிடந்தது. அவள் நிமிர்ந்தாள். வேன் கதவை இழுத்து அறைந்து சாத்தினாள், பூட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது.

"கெழக்குக் கதவைத் தெறங்க," என்றாள். "பெறகு பேசலாம்."

அந்தத் தீபாவளிக்கு அதற்குமேல் எங்கள் ஊரிலிருந்து சரக்குப் போகவில்லை. முதலாளி போலீஸை வைத்துப் பார்த்தார், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து பார்த்தார், பஸ்ஸை விட்டு இறங்கினவர்களை ஒரே முகமுள்ள பெண்கள் நூற்றுக்கணக்கில் வழி மறித்து, அந்த அறையில் எரிவது எப்படி இருக்கும் என்று நிதானமாக, தோலிலிருந்து எலும்புவரை, விவரம் விவரமாகச் சொன்னார்கள். கேட்டவர்கள் அதே பஸ்ஸில் திரும்பினார்கள். தைப் பொங்கலுக்கு முன்னால் கதவுகள் எல்லாம் திறந்தன, பூட்டுகளை அழகர் தன் கையாலேயே உடைக்க வேண்டியிருந்தது. அறைக்கு நாலு பேர், உச்சி வெயிலில் வேலை இல்லை, தலைக்கு ஒரு சம்பளம் என்று ஆயிற்று. வேலைக்குப் போனவர்கள் போனார்கள், காலாட்களில் ஒருத்தியும் போகவில்லை. அவர்கள் தையல் கடைக்கும் பருத்திக் காட்டுக்கும் கோவில்பட்டிச் சந்தைக்கும் பிரிந்து போனார்கள். கொஞ்ச காலத்தில் ஒருத்தி பருத்தாள், ஒருத்தி மெலிந்தாள், ஒருத்தி மூக்குக் குத்திக்கொண்டாள், ஒருத்தி வாய்ச்சண்டைக்குப் பேர்போனவளானாள். ரேஷன் கடை எந்திரம் இப்போது ஒவ்வொருத்தியையும் வேறு வேறு ஆள் என்று சொன்னது.

கோமதியும் போனாள். தெருக் கோடியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். வேலுத்தாய்க்கு அது பிடிக்கவில்லை, என் வீட்டில் இடமா இல்லை என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தாள், மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனாள். கோமதி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"எனக்குக் கருவாடு பிடிக்காதுக்கா."

"உனக்கா? ரெண்டு சட்டி சோறு திம்ப."

"அது பாக்கியம். நான் போட்டதைத் தின்னேன், அவ்வளவுதான். எனக்கு அந்த வாடையே ஆகாது. நான் உங்க தங்கச்சி இல்லக்கா."

வேலுத்தாய்க்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. உன்னைக் கதவைச் சாத்திக் காப்பாத்தினது யார், உனக்காக ஊரையே பகைத்துக்கொண்டது யார் என்று வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள், தெருவே எட்டிப் பார்த்தது. கோமதி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள், மன்னிப்புக் கேட்கவில்லை. திட்டித் தீர்ந்ததும் வேலுத்தாய் அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். தூக்குவாளியைத் திறந்து, சோறில்லாமல் வெறும் குழம்பையும் கருவாட்டையும் கையால் அள்ளி, முள்ளைக்கூடப் பார்க்காமல், கடைசித் துண்டுவரைக்கும் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள், பாக்கியம் பாக்கியம் என்று பெயர் சொல்லி அழுதாள். கோமதி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தையல் கடைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.